கார் ஏ.சி. குளிரவில்லையா? கடன் வாங்கும் முன் பழுதைக் கண்டுபிடிப்போம்!



நம் செய்தி மடலில் கறவை மாடு, தையல், காளான் வளர்ப்பு என்று பல தொழில்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இந்த முறை கார் ஏ.சி. பற்றி எழுதுகிறோம். "அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நம் உறுப்பினர் வீடுகள் பலவற்றில் டாக்சி ஓடுகிறது. சில வீடுகளில் கணவர் ஓட்டுகிறார், சில வீடுகளில் மகன். ஓட்டுநர் உரிமம் எடுத்துத் தாமே ஓட்டும் சகோதரிகளும் உண்டு. கல்லூரிக்கு வரும் பெற்றோர், கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள், மாமல்லபுரம் பார்க்கப் போகிறவர்கள் என்று இவர்களை நம்பித்தான் மாதத் தவணை ஓடுகிறது. ஏ.சி. குளிரவில்லை என்றால் வெயில் காலத்தில் யாரும் வண்டியில் ஏற மாட்டார்கள். சவாரி இல்லை என்றால் தவணை இல்லை. தவணை தவறினால் கெடுவது ஒரு வீட்டின் பெயர் மட்டுமல்ல, குழுவின் பெயரும்தான்.

ஒரு கூட்டத்தில் நடந்தது

சென்ற மே மாதம், கத்திரி வெயில் நேரம். ஒரு குழுக் கூட்டத்தில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். அன்று இரண்டு பேர் உள்கடன் கேட்டார்கள். ஒரு சகோதரி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 15,000 ரூபாய் கேட்டார். இன்னொருவர் காருக்காக 34,000 ரூபாய் கேட்டார்.

"ஏ.சி. வேலை செய்யலைக்கா. கம்ப்ரஸர் போயிடுச்சாம். ஒரு வாரமா வண்டி சும்மா நிக்குது. வர்ற பத்தாம் தேதி தவணை கட்டணும்" என்றார் அவர். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது.

குழுவின் கையில் இருந்தது 40,000 ரூபாய்தான். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. எல்லோரும் ஊக்குநர் முகத்தைப் பார்த்தார்கள். ஊக்குநர் எங்களைப் பார்த்தார்.

நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "கம்ப்ரஸர் போயிடுச்சுன்னு எதை வச்சு சொன்னாங்க?"

"அது ஓடவே இல்லைன்னு சொன்னாங்க."

"ஏன் ஓடலைன்னு பாத்தாங்களா?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. "மூணு நாள் பொறுப்போம். கட்டணத்துக்கான கடனை இன்னைக்கே எழுதுவோம். காருக்கு, என்ன பழுதுன்னு தெரிஞ்ச பிறகு எழுதுவோம்" என்று குழு தீர்மானித்தது. அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்கிறோம்.

தானியங்கி ஏ.சி.யும் நம் குழுவும்

சாதாரண ஏ.சி.யில் குமிழைத் திருப்புவது நாம். குளிர் கூடினால் குறைப்பதும் நாம்தான். தானியங்கி ஏ.சி.யில் 24 என்று எண்ணை வைத்து 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். 1964-ல் அமெரிக்காவில் கேடிலாக் என்ற விலை உயர்ந்த காரில் வந்த வசதி இது. இன்று நம் தெருவில் நிற்கும் டாக்சிகளிலும் இருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது? நம் குழுவையே நினைத்துக்கொள்ளுங்கள். குழுவில் செய்தி சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்டு முடிவெடுப்பவர் இருக்கிறார், முடிவுப்படி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். காரிலும் அப்படித்தான்.

செய்தி சொல்பவர்கள் (இவற்றுக்கு சென்சார் என்று பெயர்):

1. வெளிவெப்ப சென்சார். முன் பம்பருக்குப் பின்னால், காற்று படும் இடத்தில் இருக்கும். வெளியே எவ்வளவு சூடு என்று சொல்லும்.

2. உள்வெப்ப சென்சார். டேஷ்போர்டில் சின்ன சல்லடை மாதிரி ஓட்டைக்குள் இருக்கும். வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று சொல்லும்.

3. வெயில் சென்சார். முன் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் மேல் கறுப்புப் பொட்டு மாதிரி இருக்கும். வெயில் எவ்வளவு கடுமையாக அடிக்கிறது என்று சொல்லும்.

4. கூலிங் காயில் சென்சார். காற்றைக் குளிர வைக்கும் காயில் உறைந்து போகாமல் காவல் காக்கும்.

5. கேஸ் அழுத்த சென்சார். குழாயில் கேஸ் மிகக் குறைந்தாலும், அழுத்தம் மிக அதிகமானாலும் எச்சரிக்கும்.

முடிவெடுப்பவர் கட்டுப்பாட்டுப் பெட்டி. இதுதான் ஊக்குநர். எல்லோரும் சொல்வதைக் கேட்டு, எவ்வளவு குளிர் வேண்டும், காற்று எந்த வேகத்தில் வேண்டும் என்று தீர்மானிக்கும்.

வேலை செய்பவர்கள் கம்ப்ரஸர், காற்றை ஊதும் ப்ளோயர், முன்னால் இருக்கும் ஃபேன், அப்புறம் ஃப்ளாப் மோட்டார்கள். டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கக் கதவு மாதிரி தகடுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடுவது இந்தச் சின்ன மோட்டார்கள்.

இப்போது யோசியுங்கள். உறுப்பினர் ஒருவர் தப்பான கணக்குச் சொன்னால், ஊக்குநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தப்பான தீர்மானம்தான் எழுதுவார். வேலை செய்பவரும் அதன்படிதான் செய்வார். அப்போது வேலை செய்தவரைக் குறை சொல்லி என்ன பயன்? கார் ஏ.சி.யிலும் இதே கதைதான். கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது உண்மையிலேயே கெட்டிருக்கலாம். இன்னொன்று, "ஓடு" என்று அதற்கு யாரும் சொல்லாமல் இருக்கலாம். ஓடாத கம்ப்ரஸர் எல்லாம் கெட்ட கம்ப்ரஸர் இல்லை.

பொத்தேரியில் மைனஸ் 40 டிகிரி!

மறுநாள் தொழிற்பயிற்சி படித்து ஏ.சி. வேலை பார்க்கும் ஒரு தம்பியை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னாலேயே, பிளஸ் டூ படிக்கும் மகள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, வெளியில மைனஸ் நாற்பதுன்னு போட்டிருக்கு பாரும்மா!"

டேஷ்போர்டில் வெளிவெப்பம் காட்டும் இடத்தில் உண்மையாகவே மைனஸ் 40 என்று இருந்தது. நாங்களோ வேர்த்து வழிந்து நிற்கிறோம்.

அந்தத் தம்பி உடனே குனிந்து பம்பருக்குப் பின்னால் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு முன் குறுகலான சந்தில் திருப்பும்போது முன் பம்பர் ஒரு கல்லில் இடித்திருக்கிறது. கீறல்தானே என்று விட்டுவிட்டார்கள். அதில் வெளிவெப்ப சென்சாரின் வயர் அறுந்து தொங்கியது.

இந்த சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. சூடு ஏற ஏற மின்தடை குறையும், குளிர குளிர மின்தடை கூடும். வயர் அறுந்தால் மின்சாரமே போகாது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதை "தடை மிக மிக அதிகம், அப்படியானால் கடுங்குளிர்" என்று எடுத்துக்கொள்ளும். கடுங்குளிரில் கம்ப்ரஸரை ஓட விட்டால் அது கெட்டுப் போகும். அதனால் வெளியே 0 முதல் 5 டிகிரிக்குக் கீழே போனால் கம்ப்ரஸரை நிறுத்தி வைக்கும்படி பல வண்டிகளில் விதி எழுதியிருக்கிறார்கள். பாவம், அந்தப் பெட்டி பொத்தேரியில் பனி பெய்கிறது என்று நம்பி, கம்ப்ரஸரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது!

புது சென்சார், வயர், கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய் ஆனது. 34,000 ரூபாய்க் கடன் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலமே வண்டி சவாரிக்குப் போனது.

எல்லா வண்டியிலும் பழுது இவ்வளவு சுலபமாகக் கண்ணில் பட்டுவிடாது. ஆனால் வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

வீட்டு வாசலிலேயே செய்யும் சோதனைகள்

இவற்றுக்குக் காசு செலவில்லை. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே செய்யுங்கள்.

1. என்ஜின் சூடு காட்டும் முள்ளைப் பாருங்கள். என்ஜின் அளவுக்கு மேல் சூடானால், என்ஜினைக் காப்பாற்ற ஏ.சி.யைத் தானே நிறுத்திவிடும் வண்டிகள் உண்டு. அப்படியானால் முதலில் கவனிக்க வேண்டியது என்ஜினைத்தான்.

2. வெளிவெப்ப எண்ணைப் பாருங்கள். ஓடிவிட்டு நிறுத்திய வண்டியில் என்ஜின் சூட்டால் 40, 45 என்று காட்டலாம். அது பழுதில்லை, கொஞ்ச தூரம் ஓடினால் இறங்கிவிடும். விடியற்காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்போதும் நம் ஊருக்குப் பொருந்தாத எண் காட்டினால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

3. டேஷ்போர்டின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையார் பொம்மை, பிளாஸ்டிக் மாலை, விரிப்புத் துணி ஏதாவது அந்தக் கறுப்புப் பொட்டை மூடியிருக்கிறதா? மூடியிருந்தால், நடுப்பகலிலும் வெயில் இல்லை என்று நினைத்து ஏ.சி. மெதுவாக வேலை செய்யும். பிள்ளையாரை ஓரமாக நகர்த்தி வையுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. உள்வெப்ப சென்சாரின் சல்லடையைப் பாருங்கள். தூசி அடைத்திருந்தாலோ, யாராவது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அதற்குள் காற்று போகாது. 24 வைத்தால் சில நேரம் நடுங்கும், சில நேரம் வேர்க்கும். மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தாலே சரியாகும் பழுது இது.

5. ஏ.சி. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இடது பக்கக் கையறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஜி.எஸ்.டி. சாலைத் தூசிக்கு அது சீக்கிரம் கறுத்துப் போகும். வயல் ஓரம், ஏரிக்கரை ஓரம் வண்டி நிற்கிற வீடுகளில் எலி கூடு கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறோம். வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

6. இது முக்கியமான சோதனை. என்ஜினை ஓட விட்டு, எண்ணைக் குறைத்துக்கொண்டே போய் கடைசியில் 'லோ' என்று வரும் வரை வையுங்கள். 'லோ' வைத்தால் பெரும்பாலான வண்டிகளில் உள்வெப்பம், வெயில் எதையும் கணக்கில் எடுக்காமல், முழு வேகத்தில் குளிர வைக்கும். 'லோ'வில் நன்றாகக் குளிர்ந்து, 24-ல் மட்டும் தகராறு செய்தால் கேஸும் கம்ப்ரஸரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். செய்தி சொல்பவர்களைத்தான் சோதிக்க வேண்டும். 'லோ'விலும் குளிரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

7. பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ஏ.சி. பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டு, என்ஜின் ஓட்டம் லேசாக மாறினால் கம்ப்ரஸர் சேர்கிறது. சில புது வண்டிகளில் இந்தச் சத்தம் வராது, அதனால் சத்தம் இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, கூந்தலை நன்றாகச் செருகிக்கொண்டு, எட்டி நின்றே பார்க்க வேண்டும். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் திடீரென்று சுற்றும்.

8. நடுவில் காற்று வரும் இடத்தில் ஒரு அறை வெப்பமானியைப் பத்து நிமிடம் வையுங்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது, அது இவ்வளவு குறைந்த வெப்பத்தைக் காட்டாது. நல்ல நிலையில் இருக்கும் ஏ.சி.யில் ஏறக்குறைய 5 முதல் 12 டிகிரி வரை வரும். கடும் வெயிலில் கொஞ்சம் கூடலாம்.

இப்படி இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்

ஓடும்போது குளிருது, சிக்னலில் நின்றால் சூடாகுது: முன் ஃபேன் சுற்றவில்லை, அல்லது கண்டென்சர் அடைத்திருக்கிறது.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் காற்றே குறைந்துபோகுது: கூலிங் காயில் ஐஸ் கட்டியிருக்கிறது. காயில் சென்சாரையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் குளிருது, மறு பக்கம் சூடாக வருது: ஃப்ளாப் மோட்டார் சிக்கியிருக்கலாம். கேஸ் குறைந்தாலும் சில வண்டிகளில் இப்படி வரும்.

வண்டியை எடுத்ததும் டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக் டிக்' என்று சத்தம்: ஃப்ளாப் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ப்ளோயர் ஒரே வேகத்தில்தான் ஓடுது: ப்ளோயர் மோட்டார் கெடவில்லை. வேகத்தை மாற்றும் சின்ன கட்டுப்பாட்டு யூனிட் கெட்டிருக்கலாம்.

பேட்டரி மாற்றிய பிறகு எல்லாம் தாறுமாறு: ஃப்ளாப் மோட்டார்கள் தங்கள் இடத்தை மறந்திருக்கலாம். கையேட்டில் சொன்னபடி மறுபடி கற்றுக்கொடுத்தால் போதும்.

காலடியில் தண்ணீர் சொட்டுது: தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியில் சொட்டினால் அது நல்ல அறிகுறிதான், பயப்பட வேண்டாம். ஆனால் காலடி ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் என்ஜின் கூலன்ட் கசிகிறது. உடனே காட்டுங்கள்.

கம்ப்யூட்டர் வைத்துப் பார்ப்பது

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனர் கருவியைச் சொருகினால் பழுதுக் குறியீடு வரும். சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமலே, ஏ.சி. பொத்தான்களில் இரண்டைச் சேர்த்து அழுத்திக்கொண்டு சாவியைப் போட்டால் திரையிலேயே எண் வரும். எந்தப் பொத்தான் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

மலிவான கருவிகள் பெரும்பாலும் என்ஜின் பழுதை மட்டும்தான் படிக்கும். "ஸ்கேன் பண்ணிட்டேன், ஒண்ணும் இல்லை" என்றால், "ஏ.சி. பகுதியைப் படிச்சீங்களா தம்பி?" என்று கேளுங்கள்.

குறியீடு வந்தாலும் மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும்.

ஒன்று, குறியீடு எந்தப் பாதையில் தகராறு என்றுதான் சொல்லும், எந்தப் பொருளை மாற்றுவது என்று சொல்லாது. காய்ச்சல் என்பது அறிகுறி, நோய் எது என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். அதுபோல 'வெளிவெப்ப சென்சார்' என்று வந்தால் சென்சாரும் கெட்டிருக்கலாம், வயரும் அறுந்திருக்கலாம், சொருகும் இடத்தில் பச்சைப் பாசி மாதிரி துரு பிடித்திருக்கலாம். மீட்டரை வைத்து அளந்த பிறகுதான் மாற்ற வேண்டும். சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் மூடிப் பிடித்தால் மீட்டரில் எண் மெதுவாக இறங்க வேண்டும். இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது.

இரண்டு, ஷெட்டுக்குள் நிழலில் சோதித்தால் சில வண்டிகளில் 'வெயில் சென்சார் கெட்டது' என்று வரும். அது கெடவில்லை, அங்கே வெயில் இல்லை, அவ்வளவுதான்! வண்டியை வெயிலில் நிறுத்தி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று, பேட்டரி பலவீனமாக இருந்தாலும் சம்பந்தமில்லாத குறியீடுகள் வரிசையாக வரும். முதலில் பேட்டரியைச் சோதித்து, பழைய குறியீடுகளை அழித்து, வண்டியை ஓட்டிவிட்டு மறுபடி வருகிறதா என்று பார்ப்பதுதான் முறை.

கேஸ் பெட்ரோல் இல்லை

"வருஷா வருஷம் கேஸ் போடணும்" என்று பலர் நம்புகிறோம். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. பல வருடத்தில் கொஞ்சம் குறையலாம். ஒரே வெயில் காலத்தில் தீர்ந்தால் எங்கேயோ கசிகிறது என்றுதான் பொருள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்குமா?

இன்னொரு குடும்பத்தின் அனுபவம் இது. அவர்கள் வண்டி தினமும் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஓடும். ஒரே கோடையில் மூன்று முறை, முறைக்கு 2,000 ரூபாய் கொடுத்து கேஸ் போட்டார்கள். 6,000 ரூபாய் காற்றோடு போனது. கடைசியில் சாயம் கலந்து, தனி விளக்கு வைத்துப் பார்த்தபோது கண்டென்சர் அரித்துக் கசிவது தெரிந்தது. கண்டென்சர் அலுமினியத்தால் ஆனது, உப்புக்காற்று அதை அரிக்கும். அங்கே பெரிய செலவு உண்மையாகவே தேவைப்பட்டது, செய்தார்கள். செலவே செய்யக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எதற்குச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

கடலோரம் ஓடும் வண்டி என்றால் வாரம் ஒரு முறை முன் ஜாலி வழியாக நல்ல தண்ணீரை மெதுவாக அடித்துக் கண்டென்சரைக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கேஸ் பார்க்கும்போது இரண்டு மீட்டர் மாட்டுவார்கள். டயருக்குக் காற்று பிடிக்கும் அதே பவுண்டுக் கணக்குதான். இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்ற கேஸ் இருக்கிறது. வண்டி ஆறி நிற்கும்போது இரண்டு மீட்டரும் ஒரே அளவு காட்ட வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் அது 95 முதல் 100 பவுண்டு வரை இருக்கும். இதைவிட ரொம்பக் குறைந்தால் கேஸ் போயிருக்கிறது. ஆனால் இந்த எண் சரியாக இருந்தாலும் கேஸ் முழு அளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஓட விட்டும் அளக்க வேண்டும். சந்தேகம் என்றால் கேஸை வெளியே எடுத்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு கேஸ் போட வேண்டும் என்று பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். அதிகம் போட்டாலும் குளிராது, கம்ப்ரஸருக்கும் கெடுதல்.

பழைய கேஸைக் காற்றில் திறந்து விடுவதும் தப்பு. ஆர்-134ஏ கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். இப்படிப்பட்ட வாயுக்களைக் குறைக்கத்தான் 2016-ல் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் 2021-ல் அதை ஏற்றது. நமக்குக் கத்திரி வெயில் ஏற்கெனவே போதும், நாமே கூட்ட வேண்டாம்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

கேஸ் குழாயை நீங்களே கழற்றாதீர்கள். அழுத்தத்தோடு வரும் கேஸ் கண்ணில் பட்டால் பார்வை போகலாம், தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும்.

விலை குறைவு என்று பெயர் தெரியாத கேஸ் போட விடாதீர்கள். சமையல் கேஸ் போல் தீப்பிடிக்கும் வாயு அதில் கலந்திருக்கலாம்.

என்ஜினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏ.சி.யில் தூங்க வேண்டாம். இரவுச் சவாரிக்குக் காத்திருக்கும் ஓட்டுநர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

"ஏ.சி. ஓடுதே" என்று குழந்தையை மட்டும் வண்டியில் விட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ஏ.சி. நின்றுவிட்டால், மூடிய கார் வெயிலில் அரை மணிக்குள் வெளியே இருப்பதைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. நம் பகுதியில் நல்ல கைத்தொழில்காரர்கள் நிறைய உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தும் வரை அங்கே எத்தனையோ பேர் கார் வேலை கற்றுக்கொண்டார்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

1. "எதைச் சோதிச்சு இந்த முடிவுக்கு வந்தீங்கண்ணே?"
2. "கம்ப்ரஸருக்குக் கரன்ட் வருதா, மீட்டர்ல காட்டுங்க."
3. "ஃபியூஸ், ரிலே பாத்தீங்களா?"
4. "குறியீடு என்ன வந்துச்சு? பேப்பர்ல எழுதிக் கொடுங்க."
5. "கேஸ் மீட்டர்ல எவ்வளவு காட்டுது?"
6. "மாத்தின பழைய பொருளை எங்ககிட்ட கொடுத்துடுங்க."
7. "மதிப்பீடு எழுத்துல வேணும், பில் வேணும், எத்தனை மாசம் உத்தரவாதம்?"

வாயால் சொன்ன தொகைக்கு வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். பில் கையில் இருந்தால்தான் பின்னால் கேட்க முடியும். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

வண்டி, கிரைண்டர், தையல் மெஷின் எதுவானாலும், பழுது பார்க்க 5,000 ரூபாய்க்கு மேல் உள்கடன் கேட்டால் இரண்டு இடத்தில் எழுத்து மதிப்பீடு வாங்கி வரச் சொல்லுங்கள். "என்ன பழுது? எப்படித் தெரிந்தது?" என்ற இரண்டு கேள்விக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இது உறுப்பினரைச் சந்தேகப்படுவது ஆகாது. அவர் பணத்தையும் நம் பணத்தையும் காப்பாற்றுவது.

அந்தக் கூட்டத்தில் கடன் வாங்கிய சகோதரி மகளின் கட்டணத்தை நேரத்துக்குக் கட்டிவிட்டார். கார்க்கார சகோதரி பத்தாம் தேதித் தவணையை இரண்டு நாள் தாமதமாகக் கட்டினார். வண்டி நின்ற ஒரு வாரச் சவாரி போனது போனதுதான். ஆனால் 34,000 ரூபாய்க் கடன் அவர் தலையில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார்: "இனிமே யாராவது பெரிய செலவு சொன்னா, ஏன்னு ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் தலையாட்டுவேன்."

இந்தக் கட்டுரையை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். வண்டி வைத்திருக்கும் வீடுகளில் சோதனைப் பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதி கையறைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வண்டியில் இப்படி ஏதாவது பழுதைக் கண்டுபிடித்திருந்தால், ஊக்குநர் மூலம் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் மற்ற சகோதரிகளும் தெரிந்துகொள்ளட்டும்.